உங்கள் வீட்டுக் கடலில் தட்டிய சத்தம்

அக்கா,

போன வாரம் சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில், நாற்காலிகளுக்கு எதிரே பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டிதான். மூடியின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். பின்பக்கக் கண்ணாடியில் பாறைச் சுவர் போல ஒரு படத்தை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதன் ஒரு மூலை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது, குமிழிகள் நின்றன. ஜெனரேட்டர் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடமும் நான் எழுந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய், "ஏனுங்கம்மா, தல சுத்துதுங்களா?" என்று என் கையைப் பிடித்தாள். பல்லைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்துதான் சொல்ல முடியும். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாதது கடைசியில்தான் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆத்தூர்க்காரியான எனக்குத் திருச்செங்கோட்டில் பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே, மலை நேராகத் தெரியும் உங்கள் வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. உங்களுக்கு இருபத்தெட்டு. அந்த வீட்டில் நீங்களும் உங்கள் மாமியாரும் மட்டும். பிள்ளை இல்லை. கொட்டகையில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒருநாளும் நாம் ஒருவரையொருவர் 'நீ' என்று பேசிக்கொண்டதில்லை. நான் உங்களுக்கு 'டீச்சர்', நீங்கள் எனக்கு 'அக்கா'.

வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது. வீட்டில் ஆண் யாரும் இல்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் மாமியார் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கூடத்தில் மணைக்கு முன்னால் வைப்பார். நாலு மணிக்கு அதை எடுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டுவார். நான் கேட்கவில்லை. நீங்களாகத்தான் ஒருநாள் கிணற்றடியில் சொன்னீர்கள்.

உங்கள் கணவர் ரிக்கை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் கடலோரக் கிராமங்களுக்கு போர் போடப் போனவர். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனவர்களோடு வள்ளத்தில் ஏறியிருக்கிறார். வள்ளம் கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் வருவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது.

"உடம்ப யாரும் பாக்கலீங்க டீச்சர்," என்றீர்கள். "பாக்காம எப்படிக் காரியம் பண்றதுன்னு அத்த கேக்கறாங்க. அவங்க கேக்கறதும் நாயந்தானுங்களே. தாலியக் கழட்டவும் உடமாட்டேங்கறாங்க. நான் என்னன்னு எனக்கே தெரியலீங்க."

அந்தக் கரைக்கு ஒருமுறை போய் வர வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மாமியார் சம்மதிக்கவில்லை. "அவத்தப் போனா, அவன் அங்கதான் கெடக்கறான்னு நாமளே ஒத்துக்கிட்டாப்பல," என்று சொல்லிவிட்டார். நீங்கள் அதுவரை கடலையே பார்த்ததில்லை. பெரிய தண்ணீர் என்றால் உங்களுக்கு ஜேடர்பாளையம் அணைக்கட்டுதான்.

நான் படிக்கும்போது ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரில், கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கடல் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, உயிருள்ள பாறைகளை அதில் வைத்து வளர்ப்பதை அங்கே பார்த்திருந்தேன். நீங்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஒரு ரூமுக்குள்ள கடல வெக்க முடியுமுங்களா?"

"கஷ்டம் அக்கா. இந்த வெயிலில் ரொம்பக் கஷ்டம்."

"கஷ்டம்னுதானுங்களே சொல்றீங்க. முடியாதுன்னு சொல்லலியே."

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு அப்போது அது ஒரு சோதனை, அவ்வளவுதான். கடலிலிருந்து இத்தனை தொலைவில் ஒரு பாறைத் தொட்டியை உயிரோடு வைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற படித்த திமிர். உங்களுக்கு அது என்ன என்று லாரி ஓட்டும் ராசு அண்ணன் வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ராசு அண்ணன் உங்கள் கணவரிடம் ரிக்கில் வேலை பார்த்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்றவர். பிறகு வேறு முதலாளியிடம் சேர்ந்து, சேலத்து வெள்ளைக்கல்லை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய், திரும்பும்போது உப்பு ஏற்றி வந்துகொண்டிருந்தார். அவரை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "அந்த எடம் எப்படிண்ணா இருக்கும்? ஒன்னுவிடாமச் சொல்லுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "கரையில இருந்து கொஞ்ச தூரம் முட்டியளவுதானுங்க அம்மிணி தண்ணி. பொறவு தண்ணிக்குள்ளாற கல்லு செவுராட்ட நிக்குது. ஓட்ட ஓட்டையா. நடுவால ஒரு பெரிய பொந்து. அந்தச் செவுத்துக்கு அக்கட்டால ஆழமுங்க. வள்ளம் அவத்ததான் கவுந்துச்சு."

"அந்தச் செவுத்தக் கட்டோணுங்க டீச்சர்," என்றீர்கள் என் பக்கம் திரும்பி. "அவரு கடைசியாப் பாத்தது என்னன்னு நானும் பாக்கோணும்."

உங்கள் கணவர் அலுவலகமாகப் பயன்படுத்திய அறையை ஒழித்தோம். அதன் பின்சுவருக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு, நாலடி நீளத்தில் செங்கல் சிமெண்டுத் தொட்டி எழுந்தது. முன்பக்கம் மட்டும் ஈரோட்டிலிருந்து வந்த கனமான கண்ணாடி. நாற்பது நாள் நல்ல தண்ணீரை நிரப்பி நிரப்பி இறைத்தோம், சிமெண்டின் காரம் போகும்வரை. பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பது உங்கள் வேலை. மலையடிவாரத்தில் நீங்கள் பொறுக்கி வந்த கறுப்புக் கற்களில் ஒன்றில் பச்சை நரம்பு ஓடியது. அது செம்பு, ஒரு துளி கரைந்தாலும் கடல் உயிர்கள் செத்துவிடும் என்றதும் அதைத் தோட்டத்துக்கு அப்பால் தூக்கி எறிந்தீர்கள். கடைசியில் சங்ககிரிச் சுண்ணாம்புக் கல்லில் தட்டையாக நாலைந்து அடியில் போட்டு, அதற்கு மேல் பவளப்பாறைக் கற்களைத்தான் அடுக்கினோம். சுண்ணாம்புக் காளவாய்க்காக அந்தக் கரையில் குவித்து வைத்திருந்ததிலிருந்து ராசு அண்ணன் கொண்டுவந்தவை. இன்று அதைத் தொடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்று யாரும் கேட்கவில்லை.

சுவரைப் பசை போடாமல்தான் கட்டினோம். கல்லின் பல்லும் பல்லும் பொருந்தும்படி திருப்பித் திருப்பி வைத்து, சற்றுப் பின்னால் சாயவிட்டு, பின்புறம் கை நுழையும் அளவு இடைவெளி விட்டு. அப்போதுதான் தண்ணீர் சுற்றி ஓடும், அழுக்கு தங்காது. காலித் தொட்டிக்குள் நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லை ஏந்த, வெளியே நின்று ராசு அண்ணன், "இன்னுங் கொஞ்சம் எடது பக்கம். அந்தக் கல்லு துருத்திக்கிட்டு இருக்கோணும்," என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கடைசியாக நடுவில் பொந்து வைத்து அதன் மேல் குறுக்கே ஒரு பாலக்கல்லை வைத்தீர்கள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"போதுமுங்க அம்மிணி. இதேதான்," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் வரவில்லை. எதைக் கொண்டுவந்தாலும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பிளாஸ்டிக் பீப்பாய்களில் கடல் தண்ணீர் வந்தது. வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினோம். உப்பின் அளவு பார்க்க என்னிடம் கருவி இல்லை. பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியை வாங்கி வந்து மிதக்க விட்டீர்கள். அது சரியாகவே காட்டியது. பிறகு ஈரச்சாக்கில் சுற்றி, கடலிலிருந்து அன்றே எடுத்த உயிருள்ள கற்கள் ஐந்தாறு வந்தன. அவற்றைப் பொந்தைச் சுற்றிச் சொருகினோம். முதலில் விட்ட மீன்கள் நாலு நாளில் செத்துப் போயின. ஆனால் கற்கள் சாகவில்லை. ஒரு வாரத்தில் ஊதா நிறம் படர்ந்தது. துளைகளிலிருந்து இறகு போன்ற புழுக்கள் நீண்டு, விரிந்து, நிழல் பட்டதும் உள்ளே போயின.

"கல்லு மூச்சு உடுதுங்க டீச்சர்," என்றீர்கள்.

அப்போது ஒன்று கவனித்தேன். ஒரு கல்லில் ஒட்டியிருந்த கடற்பூ என்ற அந்தச் சின்ன விலங்கு தினமும் ஒரே நேரத்தில் விரியவில்லை. நேற்றைவிட இன்று முக்கால் மணி நேரம் தாமதம், நாளை இன்னும் தாமதம். யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. அது அந்தக் கரையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கு வைத்திருந்தது. அது விரிகிறது என்றால் அங்கே தண்ணீர் ஏறுகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமையில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அது விரியும் நேரமெல்லாம் நீங்கள் வேலையை விட்டுவிட்டு அறைக்குப் போய் நின்றீர்கள்.

தை மாதம் மின்வெட்டு வந்தது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை. காற்று மோட்டார் நின்றுவிடும் என்பதால் லாரி டியூப் ஒன்றில் காற்றடைத்து, சன்னக் குழாய் மாட்டி, தொட்டிக்குள் விட்டிருந்தீர்கள். அது சத்தமே போடாது. மோட்டாரின் உறுமல் நின்ற அந்த முதல் நாள் சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன்.

டொக். டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. உங்கள் மாமியார் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அறை வாசலில் நின்றார். மறுபடியும் கேட்டது.

"வந்துட்டான்," என்றார். கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அப்போது விஷயம் தெரியாது. நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். ரிக் ஓடும்போது பேச்சு காதில் விழாது. உங்கள் கணவர் ஸ்பேனரால் இரும்புக் குழாயில் தட்டித்தான் ஆட்களுக்குச் சொல்வார். இரண்டு தட்டு, விட்டு ஒரு தட்டு என்றால், 'நிறுத்து, நான் வாரேன்'. வீட்டுக்கு வரும்போதும் வண்டிச் சாவியால் கதவில் அப்படித்தான் தட்டுவாராம்.

அன்றிலிருந்து சோற்றுத் தட்டு கூடத்திலிருந்து அந்த அறைக்கு மாறியது.

மூன்றாம் நாள் காலையில் டார்ச் அடித்துத் தொட்டியைத் துழாவினேன். பொந்துக்குக் கீழே மணலில் சிறு நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தன. உள்ளே இரண்டு கண்கள் காம்பின் மேல் நின்று என்னைப் பார்த்தன. விரல் நீளம்தான் இருக்கும். இறாலுக்குத் தூரத்து உறவு. முன்னங்கால் முடிச்சை வீசி நத்தை ஓட்டை அடித்து உடைத்துத் தின்னும். உயிருள்ள கல்லோடு ஒளிந்து வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நேராகக் கிணற்றடிக்கு வந்து உங்களிடம் சொன்னேன்.

"பாத்தனுங்க," என்றீர்கள். "மொத நாளே பாத்தனுங்க. ரெண்டு கண்ணும் தனித்தனியாத் திரும்புது."

"அப்புறம் ஏன் அத்தையிடம் சொல்லவில்லை?"

"அத்த நாலு வருசத்துக்குப் பொறவு நேத்துதான் ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னாங்க. எம்பட மொகத்தப் பாத்துப் பேசினாங்க. இருக்கட்டும் உடுங்க டீச்சர்."

விட்டுவிட்டேன். அது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா நிஜமாகவே தேறினார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார். மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்து, மழை இல்லாததையும் எருமை கன்று போட்டதையும் கல் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். பதிலுக்கு ஒரு தட்டல் கேட்டால், "ஆமாஞ் சாமி," என்பார். வாசலைத் தாண்டிப் போகும்போது எனக்கு முதுகு சில்லிடும். காரணம் தெரிந்தும் சில்லிடும்.

நான் ஒரு நோட்டில் தட்டல்களை எழுதிவைத்தேன். ஆரம்பத்தில் அதற்கு ஒழுங்கே இல்லை. ஒன்று, நாலு, மூன்று, ஒன்று. என்றைக்காவது இரண்டும் ஒன்றுமாக அமைந்தால் அது தற்செயல். மாசி கழிந்து பங்குனி பிறந்தபோது இரண்டும் ஒன்றும் அடிக்கடி வந்தது. நான் கேட்க விரும்புவதைக் கேட்கிறேன் என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

அதற்குள் நீங்கள் மாறத் தொடங்கியிருந்தீர்கள். முதலில் மாமியாருக்காக உட்கார்ந்தீர்கள். பிறகு அவர் தூங்கப் போன பின்னும் உட்கார்ந்தீர்கள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் என்னை வாசலிலேயே நிறுத்தினீர்கள்.

"டீச்சர், இன்னிக்கு நான் 'ஏனுங்க'ன்னு கூப்புட்டனுங்க. ஒடனே தட்டுச்சு."

"இறால் அக்கா. நீங்களே பார்த்தீர்களே."

"பாத்தனுங்க," என்றீர்கள். "ஆனாக் கொஞ்ச நாளா அதக் காணமுங்களே."

கல்லுக்குள் ஒளிந்திருக்கும் என்றேன். அதற்கு நாலைந்து நாள் முன்புதான் தொட்டியின் பின்பக்கம் கசிந்திருந்தது. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு சாண் சந்தில் நான் ஒருக்களித்து நுழைந்து, கொத்துக்கரண்டியால் சிமெண்டை அப்பி அடைத்துவிட்டு வந்திருந்தேன். மேலே வெயிலுக்காக ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டோம். நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், அரை நாள் பள்ளி முடிந்து வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அறைக்குள் நீங்கள் ஸ்டூல் மேல் ஏறி, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தீர்கள். பொந்துக்குள் கை போயிருந்தது. கன்னம் தண்ணீரில் பட்டுக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன. தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு இழை மிதந்தது. இழுத்து வெளியே எடுத்தேன். விரல் நுனிகளெல்லாம் கல் கிழித்து ரத்தம்.

"ஒரு கை பட்டுச்சுங்க டீச்சர்," என்றீர்கள். "விரலுங்க. கோத்துப் புடிச்சுது. நீங்க எதுக்கு இழுத்தீங்க?"

கடற்பாசியாக இருக்கும், மெத்தென்று விரல் போல வளரும் பவளமாக இருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் விரல்களுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். இந்தத் தொட்டியை எடுத்தாக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வானமே அதற்கு வழி செய்தது. கோடை மழைக் காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. லாரி டியூப் எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டாம் நாள் தண்ணீர் பால் போல வெளுத்தது. இறகுப் புழுக்கள் உதிர்ந்தன, கடற்பூ கறுத்துக் கரைந்தது. மூன்றாம் நாள் அழுகிய வாடை தெருவுக்கே வந்துவிட்டது. தண்ணீரில் உயிர் எதுவும் இல்லை. சல்லடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானமும் தட்டியது. நீங்களும் நானும் உங்கள் மாமியாரும் அறையில் நின்றிருந்தோம். இரண்டு, விட்டு ஒன்று. அதுவரை கேட்டதிலேயே தெளிவாக.

மறுநாள் காலை, "பிரித்துவிடலாம் அக்கா," என்றேன். நீங்கள் மாமியாரைப் பார்த்தீர்கள்.

"பிரிங்க," என்றார் அவர். "நானும் பாக்கறேன்."

தண்ணீரை இறைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். அவர் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பாலக்கல் வந்தது. பொந்து திறந்து வெறும் வெளிச்சமாயிற்று. கடைசிக் கல்லும் வந்தது. பின்னால் பாசி படிந்த சிமெண்டு மட்டும்தான். மூவரும் அதையே பார்த்தோம். ஒரு பதிலுக்காக நீங்கள் இருவரும் என் பக்கம் திரும்புவீர்கள் என்று தெரிந்தது. இறாலைத் தேடினேன். கற்களில் இல்லை, மணலில் இல்லை. சாக்குகளை எடுக்கும் சாக்கில் பின்சந்துக்குள் நுழைந்தேன்.

அங்கே இருந்தது. எப்போதோ தொட்டியைத் தாண்டிக் குதித்துச் சந்தில் விழுந்திருக்கிறது. காய்ந்து ஓடாகியிருந்தது.

பிறகு அதைப் பெயர்த்து எடுத்துவந்து, ஈரக் கைக்குட்டையில் வைத்து உங்களிடம் காட்டினேன். "கல்லுக்கடியில் இருந்தது. இப்போதுதான் செத்தது. தட்டியது இதுதான்," என்றேன்.

உங்கள் மாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இத்தனூண்டு," என்றார். எழுந்து உள்ளே போனார். சோற்றுத் தட்டைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "அவன் இங்கயுமில்ல. ராசுவ வரச் சொல்லு கண்ணு. போயி அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டு வந்தர்லாம்," என்றார்.

அந்தப் பயணம் உங்களுக்கு நினைவிருக்கும். கற்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனோம். முட்டியளவு தண்ணீரில் நின்று ராசு அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக விட்டார். தாலியைக் கழற்றியது உங்கள் மாமியாரின் கை. கழற்றிவிட்டு உங்களைக் கட்டிக்கொண்டு, "உன்ற சாமான் எதையும் நான் இனிப் புடிச்சு வெக்க மாட்டேன் சாமி," என்றார். நீங்கள் அழவில்லை. தண்ணீருக்குள் தெரிந்த பாறையைக் கண் இடுக்கிப் பார்த்துவிட்டு, "நாம கட்டுனது இதவிட நல்லா இருந்துச்சுங்க டீச்சர்," என்றீர்கள்.

அதன்பின் உங்கள் வாழ்க்கையை ஊரே பார்த்தது. கொட்டகையைத் திறந்து ரிக்கை ஓட வைத்தீர்கள். ராசு அண்ணனைத் திரும்பக் கூட்டிவந்து வேலைக்கு வைத்தீர்கள். ஆண்கள் பேரம் பேசும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். மாமியாரைக் கடைசி நாள் வரை வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். நான் மாற்றலாகிச் சேலம் போன பிறகும் மாம்பழக் காலத்தில் கூடை வந்துகொண்டே இருந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேனே, அன்று திடீரென்று கேட்டீர்கள்: "டீச்சர், அன்னிக்கு அத எடுக்கறப்ப உசுரு இருந்துச்சுங்களா?"

"கடைசியாக ஒருமுறை துள்ளியது அக்கா," என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அது துள்ளவில்லை அக்கா. நான் அதைப் பெயர்த்து எடுத்தேன் என்று சொன்னேனே, எதிலிருந்து என்று சொல்லவில்லை. கசிவை அடைக்க நான் அப்பிய சிமெண்டிலிருந்து. சந்தில் செத்துக் கிடந்ததைப் பார்க்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறேன். அதன் பாதி உடல் சிமெண்டுக்குள் இறுகியிருந்தது. ஆணியால் நெம்பித்தான் எடுத்தேன். பங்குனி உத்திரத்துக்கு முன்பே அது செத்துப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு இருபது நாளுக்கு மேல் நாம் தட்டல் கேட்டோம். நீங்கள் 'ஏனுங்க' என்று கூப்பிட்டதும், பொந்துக்குள் கை விட்டதும், மூவரும் நின்று கேட்டதும் எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது, முற்றத்தில் கிடந்த கற்களைத் துளை துளையாகக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். பெரிய கல் இரண்டைச் சுத்தியலால் உடைத்தும் பார்த்தேன். எதுவும் இல்லை. சொல்லியிருந்தால் நீங்கள் அந்தக் கரைக்குப் போயிருக்க மாட்டீர்கள். அந்த அறையை விட்டே எழுந்திருக்க மாட்டீர்கள். அதனால் பொய் சொன்னேன். உங்களுக்கு முப்பத்தைந்து வருட வாழ்க்கை அதனால் கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று, 'நான் வாரேன்' என்று யாராவது உண்மையிலேயே சொல்லியிருந்தால், அவருக்கும் உங்களுக்கும் நடுவில் புகுந்து கதவைச் சாத்தியது நான்தான்.

முதல் இரண்டு மாதம் உங்கள் வீட்டில் தட்டியது இறால். கடைசி இருபது நாள் தட்டியது எது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்ற இந்த ஒன்றைத்தான், வாழ்நாளெல்லாம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த நான், யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.